கத்திரி வெட்டாமல் விட்ட மூச்சு

பதினேழு வருடமாக அவள் மனிதர்களின் மூச்சை வெட்டிக்கொண்டிருக்கிறாள். இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் ஓர் அடி பின்னால் நகர்வார்கள் என்பதால், வெளியிடங்களில் ஒலித்தொகுப்பாளர் என்று சொல்லிக்கொள்வாள். ஸ்டூடியோவில் அவளுக்குப் பெயரே கத்திரி. வாசல் காவலாளி முதல் குரல் கொடுக்க வரும் நடிகர்கள் வரை எல்லோருக்கும் அவள் கத்திரி மேடம், கத்திரி அக்கா. சம்பளச் சீட்டில் மட்டும் வேறு பெயர் இருக்கிறது.

வேலை இதுதான். வேற்று மொழித் தொடர்கள் வரும். இசையும் கதவுச் சத்தமும் காலடிச் சத்தமும் தனியாக வந்துவிடும். பேச்சை மட்டும் இங்கே புதிதாகப் பதிய வேண்டும். குரல் நடிகர் கண்ணாடி அறைக்குள் நின்று, படத்தில் வாய் அசைவதைப் பார்த்துப் பேசுவார். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால், உயிருள்ள எந்த ஜீவனையும் போல, ஒரு மூச்சு இழுப்பார். கணினித் திரையில் வசனம் மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கிக் கிடக்கும். அதற்கு முன்னால் அந்த மூச்சு கம்பளிப்பூச்சி மாதிரி சுருண்டிருக்கும். தேவையில்லாத இடத்தில் அந்தப் பூச்சியைக் கிள்ளி எடுப்பதுதான் கத்திரியின் வேலை. எடுத்தது யார் காதுக்கும் தெரியக் கூடாது. நன்றாகச் செய்தால் அவள் என்ன செய்தாள் என்றே எவருக்கும் தெரியாது.

அப்படிப்பட்டவளுடைய காரியம் ஒன்று ஊரெல்லாம் பேசப்படுகிறது என்றால், அது அவள் வெட்ட மறந்த மூச்சு.

'புகைமலைப் பிள்ளைகள்' என்றொரு கார்ட்டூன் தொடர். கரிக்குருவி என்ற பன்னிரண்டு வயதுப் பெண் மந்திரம் சொன்னால் மலை வாயைத் திறக்கும், பாலம் எழும்பும், பகைவர் தூங்கிப்போவார்கள். அவள் சொல்லும் மந்திரங்களில் சில பலிக்கும், சில பலிக்காது. பலிக்கும்போதெல்லாம் ஒரே காட்சிதான் வரும்: கரிக்குருவி சுழன்று, கழுத்துத் துணி பறந்து, கையை மேலே தூக்குவாள். ஒரு தடவை வரைந்துவிட்டு எல்லா எபிசோடிலும் அதையே ஒட்டிக்கொள்வது அந்தப் படக்காரர்களுடைய சிக்கனம். இங்கேயும் அதே சிக்கனம். பலிக்கும் மந்திரங்களை ஒரே நாளில் பதிந்து, கணினியில் 'மந்திரம்' என்ற தனி உறையில் போட்டு வைத்து, வேண்டிய இடத்தில் எடுத்து ஒட்டினார்கள். பலிக்காத மந்திரங்கள் மற்ற வசனங்களோடு வசனமாகப் பதிவாயின.

மந்திரங்களைப் பதிந்த அன்று லிஃப்ட் ஓடவில்லை. கரிக்குருவிக்குக் குரல் கொடுப்பவர் ஐம்பத்திரண்டு வயது அம்மாள், கொஞ்சம் கனத்த உடம்பு. ஐந்து மாடி ஏறி வந்து, தண்ணீர் குடித்த கையோடு மைக் முன்னால் நின்றார். ஒவ்வொரு மந்திரத்துக்கும் முன்னால் 'ஹ்ம்ம்' என்று அடிவயிற்றிலிருந்து ஒரு மூச்சு. கத்திரிக்கு அந்த மாதம் மூன்று தொடர்கள். எபிசோட் உறைகளை எல்லாம் வரிசையாகச் சுத்தம் செய்தவள், அந்தத் தனி உறையைத் திறக்கவே இல்லை. தொடர் வெளியான பிறகு வீட்டு டிவியில்தான் அதைக் கேட்டாள். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

மறுநாளே மேனேஜரிடம் போய் நின்றாள்.

"சார், மந்திரத்துக்கு முன்னாடி மூச்சு போயிருக்கு. என் தப்புதான். திருத்திக் குடுத்துடறேன்."

"மூச்சுதானே மேடம்? யாரு கவனிக்கப் போறா?" என்றார் மேனேஜர்.

அவளுடைய சொந்தத் தம்பி கவனித்தான்.

தம்பி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி பொருத்துபவன். அக்கா வீட்டு மாடி அறையில் இருக்கிறான். கடை நேரம் போக மீதி நேரமெல்லாம் அவனுக்குப் புகைமலைதான். தொடரில் மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்கி அவன் போட்ட வீடியோ ஒரே வாரத்தில் எங்கெங்கோ போனது. அதற்கு அவன் வைத்த பெயர் மூச்சுத் தியரி. கரிக்குருவி தன் ஆயுளிலிருந்து ஒரு மூச்சை மலைக்குக் கொடுக்கிறாள், மலை அதை வாங்கிக்கொண்டு கதவைத் திறக்கிறது. மூச்சு கொடுத்தால் மந்திரம் பலிக்கும், கொடுக்காவிட்டால் பலிக்காது. முதல் சீசனில் இருக்கும் எல்லா மந்திரங்களையும் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம், ஒன்றுகூடத் தப்பாது.

தப்பாதுதான். பலிக்கும் மந்திரமெல்லாம் ஒரே உறையிலிருந்து வந்தவை. அவளுடைய பிசகு, அணுவும் பிசகாமல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழுந்திருந்தது.

இதற்கு முன்பு அந்த ரசிகர்கள் கட்சி கட்சியாகப் பிரிந்து கிடந்தார்கள். மந்திரம் புகையில் இருக்கிறது என்றது ஒரு கட்சி. கழுத்துத் துணியின் நிறத்தில் இருக்கிறது என்றது இன்னொன்று. தம்பியின் வீடியோவுக்குப் பிறகு இரண்டு கட்சியிலும் ஆள் கரைந்தது. மூலமொழியில் பார்த்த ஒருவர் மட்டும் வந்து, "அங்கே மூச்சே கிடையாதே" என்று எழுதினார். "அப்படியென்றால் மூலத்தில்தான் ஏதோ விட்டுப்போயிருக்கிறது" என்று இருநூறு பேர் அவருக்குப் பதில் எழுதினார்கள்.

சாப்பாட்டு மேசையில் கத்திரி சொல்லிப் பார்த்தாள்.

"டேய், அது நான் வெட்ட மறந்ததுடா. அன்னைக்கு லிஃப்ட் ஓடல. அந்தம்மாவுக்கு மூச்சு வாங்குச்சு. அவ்வளவுதான்."

"அக்கா, நீ மறந்தேன்னு நீ நினைக்கிற." தம்பி கரண்டியை ஆட்டிக்கொண்டே பேசினான். "மறந்தா கண்ட இடத்துல வரணும். சரியா பலிக்கிற மந்திரத்துக்கு மட்டும் எப்படி வருது? சொல்லு."

"அதெல்லாம் ஒரே உறையில இருந்துச்சுடா!"

"ஏன் ஒரே உறையில வெச்சாங்க? யாரோ மேல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. உன்கிட்ட சொல்லல. நீ சத்தத்தைச் சரி பண்றவ, உனக்குக் கதையைச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் குளிர்பெட்டி பழுது பார்ப்பவர். வாயு எங்கே கசிகிறது என்று சோப்பு நுரை தடவிப் பொறுமையாகக் காத்திருக்கிற தொழில். அந்தப் பொறுமையை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார்.

"நீங்களாவது சொல்லுங்களேன்."

"அவன் சொல்றதும் கேக்க நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

"மாமாவுக்குப் புரியுது பாரு," என்றான் தம்பி.

இரண்டாம் சீசன் வந்தபோது அவள் அந்த மூச்சைச் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்றிருந்தாள். அதற்குள் தொடரை வாங்கிய கம்பெனியிலிருந்து குறிப்பு வந்தது: மூச்சு மக்களுக்குப் பிடித்திருக்கிறது, மூச்சு இருக்கட்டும். தன் கைத்தவறைத் தன் கையாலேயே மறுபடியும் எடுத்து ஒட்டினாள். அவள் சுத்தமாகத் தைத்துக் கொடுத்த மற்ற தொடர்களைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதியதில்லை. பல்லில் சிக்கிய நார் மாதிரி அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

இதுவரை பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாம் சீசனின் கடைசி எபிசோட் வந்து சேர்ந்தபோதுதான் உண்மையான தலைவலி ஆரம்பித்தது.

அந்த எபிசோடில், பகைவர் கூட்டம் புகைமலையைச் சூழ்ந்து நிற்கிறது. கரிக்குருவி தனியாக வெளியே வந்து, இதுவரை யாரும் சொல்லத் துணியாத பெரிய மந்திரத்தைச் சொல்கிறாள். மலையே இடிந்து விழப்போகிறது என்று நம்பிப் பகைவர்கள் ஓடுகிறார்கள். அவள் உயிர் போனவள் மாதிரி விழுகிறாள். அரை மணி நேரம் எல்லோரும் அவளுக்காக அழுகிறார்கள். கடைசி நிமிடத்தில்தான் அவள் கண்ணைத் திறந்து சிரிக்கிறாள். அந்த மந்திரம் வெறும் நடிப்பு. அவளுக்கு அது தெரியவே தெரியாது. மூன்று சீசனும் அந்தச் சிரிப்புக்காகத்தான். முதல் தடவை பார்த்தபோது கத்திரியே அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அந்தப் பெரிய மந்திரத்தைக் கரிக்குருவி முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு சொல்வதாகப் புதிதாக வரைந்திருந்தார்கள், வாய் தெரியாது. மூச்சு வைத்தாலும் பொருந்தும், வைக்காவிட்டாலும் பொருந்தும்.

"பொய் மந்திரம், அதனால மூச்சு வேணாம்," என்றார் மேனேஜர். "கம்பெனிக் குறிப்புல தெளிவா இருக்கு. தியரிப்படி போகணும்."

"சார், மூச்சு இல்லேன்னா அந்த நொடியிலயே எல்லாருக்கும் தெரிஞ்சிடும், இது பொய்யின்னு. அப்புறம் அரை மணி நேரம் யாரு அழுவாங்க?"

"கண்டுபிடிச்சிட்டோம்னு சந்தோஷப்படட்டுமே மேடம். அவங்களுக்கு அதுதானே வேணும்?"

"கதை செத்துடும் சார். படம் எடுத்தவங்க மூணு சீசனா மறைச்சு வெச்சதை நாம போட்டுக் குடுக்கறோம். அதுவும் என் தப்பால."

"உங்க தப்புன்னு யாரு சொன்னா? அது இப்ப நம்ம சிறப்பு." மேனேஜர் கைபேசியை எடுத்துக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அவள் இருக்கைக்குத் திரும்பி, வசனத்தைத் திரையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூச்சு வைக்காவிட்டால், நம் மொழியில் இந்தத் தொடரைப் பார்க்கும் அத்தனை பேருக்கும் முடிவு முன்கூட்டியே உடைந்துவிடும். வைத்தால், சொன்னதை மீறிய குற்றம். தொடரைக் கையிலிருந்து பிடுங்கிவிடலாம். போதாக்குறைக்குத் தம்பி வேறு ஓர் அரங்கத்தை வாடகைக்குப் பிடித்து, கடைசி எபிசோடை ரசிகர்களோடு உட்கார்ந்து பார்ப்பதாக அறிவித்திருந்தான். 'என் தியரி ஒரே ஒரு மந்திரத்தில் பொய்த்தாலும், அன்றே சேனலை மூடுகிறேன்' என்று வீடியோவில் மார்தட்டியிருந்தான்.

"எதுக்குடா இப்படி வாய விடற?" என்று மாடிப்படியில் மறித்துக் கேட்டாள்.

"ஏன்? ஏதாவது தெரியுமா உனக்கு?"

தெரியும். எல்லாம் தெரியும். கதையை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள், கணவரிடம்கூடச் சொல்லவில்லை. "எனக்கென்ன தெரியும்? நான் சத்தத்தைச் சரி பண்றவ," என்றாள்.

"அதான் சொல்றேன்," என்று அவளைச் சுற்றிக்கொண்டு இறங்கிப்போனான். அந்த நொடியில் அவன் தியரி பொசுங்கிப்போகட்டும் என்று மனதார நினைத்தாள். அடுத்த நொடி, அவன் சட்டைக் காலர் பின்னால் மடங்கியிருப்பது கண்ணில் பட்டது. கூப்பிட்டுச் சொன்னால் அதற்கும் ஒரு விளக்கம் சொல்வான் என்று விட்டுவிட்டாள்.

பதிவுக்கு வந்த குரலம்மாள் வசனத்தைப் படித்துவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்: "ஏம்மா கத்திரி, இந்தப் பொண்ணு இங்க பொய் சொல்றாளா?"

"ஆமாக்கா. ஆனா எதிர்ல நிக்கறவன் நம்பணும்."

"நம்பணும்னா நெஜமா சொல்ற மாதிரியே சொல்லணும். மூச்சு வாங்குறதுல இருந்து எல்லாமே."

கத்திரியின் கை பொத்தானிலேயே நின்றுவிட்டது. இத்தனை நாள் அவள் ரசிகர்களையும் கம்பெனியையும் மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தாள். கரிக்குருவியை யோசிக்கவில்லை. ஏமாற்ற நிற்கிற பெண், வழக்கமாகச் செய்கிற ஒன்றை எப்படி விடுவாள்?

"அக்கா, மூச்சோட குடுங்க."

குரலம்மாள் கொடுத்தார். அது மூச்சாக இல்லை, நாடகமாக இருந்தது. பேயைப் பார்த்தவர் மாதிரி 'ஹாஆ' என்றார். இரண்டாவது, பல் வலிக்காரர் மாதிரி. மூன்றாவதில் இருமல் வந்துவிட்டது. முப்பது வருடமாக மூச்சை ஒளிக்கப் பழகியவருக்கு அதைக் காட்டத் தெரியவில்லை. பழைய உறையிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டலாம் என்றால், துணிக்குப் பின்னாலிருந்து வரும் குரலோடு அது சேராது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. மாடிப்படி ஏறிட்டு வர்றீங்களா?"

"அடிப் பாவி! முட்டியில மருந்து கட்டியிருக்கேன்."

"ரெண்டே ரெண்டு மாடி."

"ஒண்ணு. அதுக்கு மேல ஏறச் சொன்னா நீயே வந்து பேசிக்கோ."

ஒரு மாடி இறங்கி, ஏறி, அவளைத் திட்டிக்கொண்டே வந்து மைக் முன் நின்றார். அந்தத் திட்டின் மிச்சத்தோடு ஒரு மூச்சு வந்தது. கத்திரி அதைத் திரையில் பார்த்தாள். நல்ல கொழுத்த கம்பளிப்பூச்சி. அவள் தொழிலில் யாரும் சொல்லாமல், தானாகவே விரும்பி விட்டுவைத்த முதல் மூச்சு அதுதான்.

ஒளித்து அனுப்ப அவளுக்கு மனமில்லை. நேராக மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டாள்: "மூச்சு வெச்சிருக்கேன் சார். குறிப்புக்கு எதிராத்தான்."

மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மறுபடி பதிய நேரமில்லை, அன்று மாலை அனுப்பியாக வேண்டும். "ரசிகர்கள் சத்தம் போட்டா உங்க பேரைத்தான் சொல்லுவேன்."

"சொல்லுங்க. இத்தனை வருஷத்துல எங்கேயாவது ஓரிடத்துல என் பேரு வரட்டும்."

அரங்கத்துக்கு அவளும் போனாள். யாருக்கும் தெரியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். கறுப்புக் கழுத்துத் துணி கட்டிய கூட்டம். முன்வரிசையில் தம்பி, கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி. பெரிய மந்திரம் வரும் நேரம் அரங்கமே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. 'ஹ்ம்ம்' என்றது திரை. "மூச்சு! மூச்சு!" என்று கூட்டம் எழுந்து நின்று கத்தியது. தம்பி இரண்டு கையையும் தூக்கினான். பிறகு கரிக்குருவி விழுந்தாள். கத்தியவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள். மூச்சு கொடுத்திருக்கிறாள், ஆகவே மந்திரம் உண்மை, ஆகவே அவள் உண்மையிலேயே போய்விட்டாள். ஓர் ஆள் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அந்த அழுகையைக் கேட்டபடி கத்திரி இருட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த அரை மணி நேரம் முழுக்க முழுக்க அவளுடையது.

கடைசி நிமிடத்தில் கரிக்குருவி கண்ணைத் திறந்து சிரித்தாள். ஆரவாரம் வெடித்தது, பிறகு யாரோ கணக்குப் போட்ட மாதிரி மெதுவாக அடங்கியது. ஒவ்வொரு தலையாகத் தம்பி பக்கம் திரும்பியது. "அண்ணே, அப்ப மூச்சு?" என்றது ஒரு குரல். "சேனலை எப்ப மூடறீங்க?" என்றது இன்னொன்று. சிரிப்பு பரவியது. அவன் காது சிவந்ததைப் பின்வரிசையிலிருந்தே அவளால் பார்க்க முடிந்தது. பொசுங்கட்டும் என்று நினைத்தது நினைவுக்கு வந்தது. எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் அவன் கடைக்குப் போகவில்லை. சாப்பாட்டுக்கும் இறங்கவில்லை. தட்டைப் போட்டு மூடி எடுத்துக்கொண்டு அவளே மாடி ஏறினாள். கதவைத் திறந்தவன் முகத்தில் துக்கம் இல்லை. கண் பளபளத்தது.

"அக்கா, கண்டுபிடிச்சிட்டேன்! பகைவனுக்கும் மூச்சு விஷயம் தெரியும். அவனும் அதைத்தான் காது குடுத்துக் கேட்டுட்டிருந்தான். அதனால கரிக்குருவி வேணும்னே பொய்யா ஒரு மூச்சு விட்டா. உண்மை மூச்சு மலைக்கு, பொய் மூச்சு மனுஷனுக்கு. தியரி உடையல, இன்னும் கெட்டியாயிடுச்சு! வீடியோ போட்டாச்சு, கேக்கறியா?"

கத்திரி தட்டை மேசையில் வைத்தாள். "கேக்க வேணாம். நீ சொல்றது சரி. அப்படித்தான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான்டா அந்த மூச்சை வெச்சேன். வெட்டச் சொன்னாங்க. அவ ஏமாத்தறதா இருந்தா மூச்சோடதான் ஏமாத்துவான்னு, அந்தம்மாவை மாடி ஏற வெச்சு, நான்தான் வெச்சேன்."

தம்பி அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "அக்கா, போன தடவை மறந்தேன்ன. இந்தத் தடவை வேணும்னே வெச்சேன்ற. எல்லாத்துக்கும் நான்தான் நான்தான்னு சொல்லிட்டிருந்தா எப்படி?"

அவள் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். கீழே இறங்கி வந்து, கணவரிடம் முழுக் கதையையும் முதல் தடவையாகச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "நீ சொல்றதும் கேக்க நல்லாத்தான் இருக்கு," என்றார். அன்று அவருக்குக் குழம்பில் உப்பு விழவில்லை.

அந்த வாரக் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். தொடர் பறித்துக்கொள்ளப்படும் என்று தயாராகித்தான் போனாள். மேனேஜர் முகம் முழுக்கச் சிரிப்பு. கம்பெனிக்காரர்கள் பொய்மூச்சு வீடியோவைப் பார்த்துவிட்டார்கள். இதுவரை இந்தத் தொடருக்கு இவ்வளவு பேச்சு எழுந்ததே இல்லையாம். நான்காம் சீசனில் எந்த மந்திரத்துக்கு மூச்சு, எதற்கு இல்லை என்று முடிவு செய்ய ஓர் ஆலோசகரை வைக்கப் போகிறார்கள்.

"யாரு சார்?"

"அந்த வீடியோ போட்ட பையன்தான். ரொம்ப நுணுக்கமான ஆளாம். உங்களுக்கு உதவியா இருக்கும்."

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தம்பி ஸ்டூடியோவுக்கு வருகிறான். அவனுக்கான நாற்காலியைக் கத்திரியின் இருக்கைக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள்.